இரண்டு விரற்கிடை உயரம்: டீ பற்றிய வாசகர் கேள்விகள்

கோல்ஃப் மட்டையைப் பிடிக்கும் முறை பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பல, மட்டையை விட்டுவிட்டுப் பந்துக்கு அடியில் நிற்கும் சிறு முளையைப் பற்றிக் கேட்கின்றன. டீ என்று நாம் சொல்லும் அந்த முளைதான் பையில் இருக்கும் பொருள்களிலேயே விலை குறைந்தது. அதனாலேயே அதைப் பற்றி யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. ஒவ்வொரு குழியின் தொடக்க அடிக்கும் அது தேவைப்படுகிறது என்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: விளையாடத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. கலவையாக டீக்கள் உள்ள ஒரு பையை வாங்கினேன். அதில் நான்கு வகை நீளங்கள் இருக்கின்றன. கையில் எது வருகிறதோ அதை ஊன்றி அடிக்கிறேன். சில பந்துகள் செங்குத்தாக மேலே ஏறி அருகிலேயே விழுகின்றன. சில தரையோடு ஓடுகின்றன. அதிகத் தூரம் அடிக்கும் மட்டையான டிரைவருக்கு எந்த நீளம் சரி?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட அனுமதியுங்கள். நீளத்தை முடிவு செய்துவிட்டு உயரத்தைத் தேடக் கூடாது. பந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அந்த உயரத்தில் அசையாமல் நிற்கக்கூடிய டீ எது என்பது பிறகு தானாகவே தெரிந்துவிடும்.

டிரைவருக்குப் பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு, மட்டையைத் தரையில் வைத்துப் பார்க்கும்போது பந்தின் பாதி மட்டையின் உச்சிக்கு மேலே தெரிய வேண்டும் என்பது. இதைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு விடாமல், ஒரு முறை அளந்து எண்ணாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சமமான தரையில் உங்கள் டிரைவரை அடிக்கும் நிலையில் வைத்து, அதன் முகத்தை ஒட்டி ஓர் அளவுகோலை நிறுத்தி, முகத்தின் மேல் விளிம்பு எத்தனை மில்லிமீட்டரில் இருக்கிறது என்று பாருங்கள். உதாரணமாக 57 மில்லிமீட்டர் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். விதிப்படி பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆகவே பாதிப் பந்து ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். 57-லிருந்து 21-ஐக் கழித்தால் 36. அதாவது உங்கள் பந்தின் அடிப்பாகம் தரையிலிருந்து 36 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். டீயின் தலையிலுள்ள குழிவில் பந்து சிறிது உள்வாங்கி உட்காரும் என்பதால், டீயின் விளிம்பு 37 அல்லது 38 மில்லிமீட்டரில் இருந்தால் கணக்குச் சரியாகிவிடும்.

இப்போது நீளத்துக்கு வருவோம். கடைகளில் பரவலாகக் கிடைப்பவை 54, 70, 83, 102 மில்லிமீட்டர் நீளமுள்ளவை. பெட்டியின் மேல் இவற்றை 2⅛, 2¾, 3¼, 4 அங்குலம் என்று அச்சிட்டிருப்பார்கள். 38 மில்லிமீட்டரை வெளியே விட்டால், 54 நீளமுள்ள டீயில் 16 மில்லிமீட்டர்தான் மண்ணுக்குள் இருக்கும். அது பந்தின் எடையிலேயே சாயும். 70-இல் 32 மில்லிமீட்டரும், 83-இல் 45 மில்லிமீட்டரும் மண்ணுக்குள் செல்லும். இரண்டுமே உறுதியாக நிற்கும். 102-ஐ எடுத்தால் 64 மில்லிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். கோடையில் இறுகிய நம் மண்ணில் அதற்குள் டீயே முறிந்துவிடும். மண் இளகியிருக்கும் இடத்தில் 83, இறுகியிருக்கும் இடத்தில் 70 என்பது என் தேர்வு. இரண்டையும் சேர்த்துப் பையில் போடாதீர்கள். நீளத்தில் ஒன்றரைச் சென்டிமீட்டர்கூட வேறுபடாத இரண்டு டீக்கள் பையில் கலந்து கிடந்தால், ஊன்றிய ஆழத்தை வைத்து உயரத்தை உணரும் கைப்பழக்கம் ஒருநாளும் வராது. கலவைப் பையில் இருப்பதைத் தரம் பிரித்து, ஒரே நீளமுள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மிகக் குட்டையானவற்றை அயர்ன் எனப்படும் உலோகத் தகட்டுத் தலை மட்டைகளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பாதிப் பந்து மேலே தெரிவது மிக அதிகம் என்று புதியவர்களுக்குத் தோன்றும். மட்டை முகத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து முப்பது மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது, பந்தின் நடுப்பகுதியை 57-இல் வைத்தால் மட்டை அதற்குக் கீழே புகுந்துவிடாதா என்று கேட்பார்கள். டிரைவர் வீச்சில் பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைக்கிறோம் (வலக்கை ஆட்டக்காரருக்கு). வீச்சின் மிகத் தாழ்ந்த புள்ளியைக் கடந்து மேல்நோக்கி எழத் தொடங்கியபோதே மட்டை பந்தைச் சந்திக்கிறது. அந்நேரத்தில் அதன் அடிப்பாகம் தரையைத் தொடாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். அந்த இடைவெளியைத்தான் டீ நிரப்புகிறது.

ஆனால் எல்லாருடைய வீச்சும் மேல்நோக்கி எழுவதில்லை. டிராக்மேன் ராடார் கருவியின் அளவீடுகளின்படி, அமெரிக்கப் பெண் தொழில்முறை ஆட்டக்காரர்கள் டிரைவரைச் சராசரியாக ஏறத்தாழ 3 பாகை மேல்நோக்கி வீசுகிறார்கள். ஆண்களின் சராசரியோ ஏறத்தாழ ஒரு பாகை கீழ்நோக்கி இருக்கிறது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களே இப்படி வேறுபடும்போது, ஒரே உயரம் எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. பாதிப் பந்து என்பதைத் தொடங்கும் இடமாக மட்டும் கொள்ளுங்கள்.

உங்களுக்கு உரிய உயரத்தை உங்கள் மட்டையின் முகமே காட்டிக்கொடுக்கும். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் பின்பக்கத்தில், மட்டை படும் இடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மை பூசி அடியுங்கள். மட்டையின் முகத்தில் அந்த மை ஒட்டிக்கொள்ளும். பார்த்துவிட்டுத் துணியால் துடைத்துவிட்டு அடுத்ததை அடியுங்கள். இதைப் பயிற்சியின்போது மட்டும் செய்யுங்கள். ஆட்டத்தின் நடுவே வேண்டாம். பத்துப் பந்துகளின் மைத்தடம் நடுவிலோ நடுவுக்குச் சற்று மேலேயோ கூட்டமாக விழுந்தால் உங்கள் உயரம் அதுதான். நடுவுக்கு மேலே படும் பந்து உயர எழும்பும், பின்சுழற்சி குறையும், தூரமும் கிடைக்கும். நடுவுக்குக் கீழே பட்டால் சுழற்சி கூடிப் பந்து தாழ்வாகப் புறப்படும். தடங்கள் கீழே கூடினால் டீயை 3 மில்லிமீட்டர் உயர்த்துங்கள். மேல் விளிம்பை ஒட்டி இருந்தால் 3 மில்லிமீட்டர் தாழ்த்துங்கள். ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் மாற்ற வேண்டாம்.

செங்குத்தாக ஏறி அருகில் விழும் உங்கள் பந்துகளைப் பற்றி ஒரு சொல். மட்டையின் உச்சியில் பந்து உரசி, அங்கே வெள்ளைத் தழும்பு விழுந்திருக்கும். இதைக் கண்டதும் எல்லாரும் டீயைத் தாழ்த்துகிறார்கள். டீ தாழ்ந்ததும் பந்தை மேலிருந்து வெட்டும் பழக்கம் இன்னும் கூடிவிடும். தழும்புக்குக் காரணமே அந்தப் பழக்கம்தான். உங்கள் டீ அளந்த உயரத்தில் இருந்தும் தழும்பு விழுகிறது என்றால், பந்து மிகவும் பின்னால் இருக்கிறதா, தோள்கள் பந்தை நோக்கிச் சாய்கின்றனவா என்று பயிற்சியாளரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா, வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் விளையாடுகிறேன். என் உயரம் எனக்குத் தெரியும். ஆனால் முதல் குழியில் வைத்த உயரம் ஐந்தாவது குழியில் இருப்பதில்லை. குனிவதும் சிரமமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அளவுகோலைக் கொண்டு அளக்க முடியுமா?
(வாசகர், சென்னை)

பதில்: அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. விரற்கிடை என்பது நம் முன்னோர் பயன்படுத்திய நீட்டலளவை. ஒரு விரலின் குறுக்களவு. வளர்ந்த ஓர் ஆளின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்தால் குறுக்கே ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் வரும். மேலே கோயம்புத்தூர் வாசகருக்குச் சொன்ன கணக்கும் அதுவே. டிரைவருக்கு இரண்டு விரற்கிடை என்று எனக்கு முதன்முதலில் சொல்லித் தந்தவர் ஒரு கேடி, அதாவது ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்துவரும் உதவியாளர். அவர் அளவுகோலைத் தொட்டவர் இல்லை; நான் பிறகு அளந்து பார்த்தபோது அவருடைய விரல்கள் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை.

செய்முறை இதுதான். பந்தை உள்ளங்கையில் வைத்து, டீயின் தலையைப் பந்தோடு சேர்த்துப் பிடியுங்கள். டீயின் தண்டு ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே வெளியே வரட்டும். டீயைத் தனியாக ஊன்றிவிட்டுப் பிறகு பந்தை ஏற்றாமல், பந்தின் மேல் உள்ளங்கையை அழுத்தியே டீயை மண்ணுக்குள் செலுத்துங்கள். பந்தும் டீயும் ஒன்றாகவே இறங்குவதால் ஒரு முறை குனிந்தால் போதும். குனிந்து நிமிர்ந்து மறுபடி குனியும் வேலை மிச்சமாகும். இறங்கியபின் இரண்டு விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பந்துக்கும் புல்லுக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். தடவிக்கொண்டு நுழைந்தால் சரி. இடைவெளி மிஞ்சினால் சற்று அழுத்துங்கள். நுழையாவிட்டால் சற்று இழுங்கள்.

விரலை நம்ப மனம் ஒப்பாதவர்கள், அழியாத மையால் ஒவ்வொரு டீயின் தண்டிலும் தலையிலிருந்து 38 மில்லிமீட்டரில் ஒரு வளையம் வரைந்து வைத்துக்கொள்ளலாம். ஓய்வாக இருக்கும் ஒரு மாலையில் ஐம்பது டீக்களுக்கு வளையமிட்டுவிடலாம். வளையம் புல்லின் மட்டத்தைத் தொடும்வரை அழுத்துவது மட்டுமே திடலில் செய்ய வேண்டிய வேலை. இப்படிக் கோடுகள் அச்சிட்ட டீக்களைக் கடையிலும் விற்கிறார்கள். கேசில் டீ எனப்படும் பிளாஸ்டிக் வகை இன்னும் எளிது: நடுவே அகன்ற படி ஒன்று இருக்கும், அது தரையில் முட்டியதும் டீ அதற்கு மேல் இறங்காது. ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு நிறம் வைத்திருப்பார்கள். ஆனால் நிறங்கள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை அல்ல. நிறத்தை நம்பி வேறு நிறுவனத்தின் பையை வாங்கிவிடாமல் ஒரு முறை அளந்து பார்த்துவிடுங்கள். குனிவதில் சிரமம் உள்ள உங்களுக்கு, சரிபார்க்கும் வேலையே இல்லாத இந்த வகையைத்தான் நான் சொல்வேன்.

ஐந்தாவது குழியில் உயரம் மாறுவதற்கு உங்கள் கை மட்டுமே காரணமாக இருக்காது. ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் இடமான டீ பாக்ஸின் புல் எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. மட்டையின் அடிப்பாகம் மண்ணில் உட்காராமல் புல்லின் மேல் உட்காருகிறது. ஆகவே உயரத்தைப் புல் மட்டத்திலிருந்து கணக்கிட வேண்டும். மண்ணிலிருந்து கணக்கிட்டால், அடர்ந்த புல்லில் உங்கள் பந்து ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். அடுத்தது, காலடித் தரை. உங்கள் பாதங்கள் நிற்கும் இடம் பந்து இருக்கும் இடத்தைவிடச் சற்று மேடாக இருந்தாலும் பந்து தாழ்ந்ததாகிவிடும். டீ பாக்ஸில் வைத்திருக்கும் இரண்டு அடையாளக் குறிகளின் முன்விளிம்புகளுக்கு நடுவே, பின்பக்கமாக இரண்டு மட்டை நீளம்வரை உள்ள செவ்வகத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் டீயை ஊன்ற விதி இடம் தருகிறது. பாதங்கள் அதற்கு வெளியே இருக்கலாம். பலர் முன்விளிம்பில் ஓர் அங்குலத்தைக்கூட இழக்க மனமில்லாமல், மேடுபள்ளமான இடத்தில் ஊன்றுகிறார்கள். இரண்டு அடி பின்னே போய்ச் சமதளத்தைத் தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயிற்சித் திடலில் விரிப்பின் மேல் இருக்கும் ரப்பர் டீயில் நன்றாக அடிக்கிறேன். புல்லுக்கு வந்ததும் அடி கெடுகிறது. ஏன்?
(வாசகர், பெங்களூரு)

பதில்: ரப்பர் டீயின் உயரத்தை அளந்தீர்களா? அடுத்த முறை போகும்போது உங்கள் விரல்களை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுடைய அளவும் அதன் அளவும் வேறாக இருந்தால், வாரத்தில் நூறு பந்துகளை ஓர் உயரத்திலும், ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பந்துகளை வேறோர் உயரத்திலும் அடிக்கிறீர்கள் என்று பொருள். பல திடல்களில் வெவ்வேறு உயரமுள்ள ரப்பர் டீக்களை வைத்திருப்பார்கள்; உங்களுக்கு உரியதைக் கேட்டு வாங்கி விரிப்பின் துளையில் செருகிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் அந்த ரப்பர் டீக்கு ஏற்பப் புல்லில் ஊன்றிப் பாருங்கள். மைத்தடம் கெடவில்லை என்றால், அதையே உங்கள் உயரமாக்கிக்கொள்வதில் தவறில்லை. மூன்று மில்லிமீட்டர் கூடுதலா குறைவா என்பதைவிட, பயிற்சியிலும் ஆட்டத்திலும் அது ஒன்றாக இருப்பதே பெரிது.

கேள்வி: எங்கள் ஊரில் மழையும் பனியும் அதிகம். டீ பாக்ஸ் சொதசொதவென்று இருக்கும் நாள்களில் டீ சாய்ந்துகொண்டே இருக்கிறது. டீயை இலக்கின் பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தால் நல்லது என்றும் சிலர் சொல்கிறார்கள்.
(வாசகி, நுவரெலியா)

பதில்: 1889-இல் தொடங்கப்பட்ட உங்கள் ஊர்க் கழகத்தின் திடல் போன்ற மலைத் திடல்களில் இது இயல்பான தொல்லைதான். நீளமான டீயை எடுத்து ஆழமாக ஊன்றுங்கள். சமவெளியில் 70 போதும் என்றால் உங்களுக்கு 83-உம், மிகவும் இளகிய நாளில் 102-உம் பொருந்தும். வெளியே நிற்கும் உயரம் மட்டும் அதேதான்.

சாய்த்து வைப்பதால் நன்மை எதையும் நான் கண்டதில்லை. சாய்ந்த டீயில் பந்தின் உயரம் குறைகிறது. எத்தனை குறைகிறது என்பது சாய்வைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் மாறுகிறது. நிமிர்ந்து நிற்கும் டீயில் மட்டும்தான் விரலும் வளையமும் சொல்லும் அளவு உண்மையாக இருக்கும்.

கேள்வி: மரம், மூங்கில், பிளாஸ்டிக், தூரிகை போன்றது, மூன்று முனை உடையது என்று கடையில் எத்தனையோ வகை. சில பெட்டிகளில் உராய்வு குறைவு, கூடுதல் தூரம் என்று எழுதியிருக்கிறது. உண்மையா?
(வாசகர், மதுரை)

பதில்: மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியின் ஈராயிரத்தில் ஒரு பங்குதான். டீயின் தலை பந்தைத் தடுத்து நிறுத்தும் விசை, மட்டை தரும் விசைக்கு முன்னால் மிகச் சிறியது. ஆட்டத்தில் உங்கள் ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையே வரும் வேறுபாட்டுக்குள் அந்த ஆதாயம் காணாமல் போய்விடும். தூரத்துக்காக யாரும் டீ வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வேறு காரணங்களுக்காகத் தேர்ந்தெடுங்கள்.

மர டீ மலிவு, மண்ணில் மக்கிவிடும், மட்டையில் தடம் பதிக்காது. முறியும் என்பதுதான் குறை. மூங்கில் நார்ப்பிடிப்பு உள்ளது. இறுகிய மண்ணில் மரத்தைவிடத் தாங்குகிறது. நம் மண்ணுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். பிளாஸ்டிக் பல நாள் உழைக்கும். ஆனால் அதன் நிறம் மட்டையின் அடிப்பாகத்தில் கோடாக ஒட்டும், ஈரத் துணியால் துடைத்துவிடலாம். தூரிகை வகையில் உயரம் நிலையாக இருக்கும். மயிர்கள் மடங்கத் தொடங்கியதும் அந்த நிலைத்தன்மை போய்விடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முறிந்த டீத் துண்டுகளைப் புல்லில் விட்டுவிட்டுப் போகிறோம். புல் வெட்டும் எந்திரத்தின் கத்திகள் அவற்றில் மோதி மழுங்குகின்றன. பிளாஸ்டிக் துண்டுகள் மக்காமல் மண்ணில் கிடக்கின்றன. காலை ஐந்தரை மணிக்கு எந்திரத்தோடு வரும் திடல் பணியாளரை நினைத்தாவது, முறிந்ததைப் பொறுக்கி டீ பாக்ஸ் ஓரத்தில் உள்ள பெட்டியில் போடுங்கள். பிளாஸ்டிக் டீயைத் தடை செய்திருக்கும் கழகங்களும் உண்டு. வாங்குமுன் உங்கள் கழகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மூன்று அடிகளில் முடிக்க வேண்டிய பார்-3 குழிகளில் அயர்ன் மட்டையால் அடிக்கும்போது டீ தேவையா? புல்லில் வைத்தே அடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
(வாசகர், உதகமண்டலம்)

பதில்: விதி தரும் வசதியை வேண்டாம் என்று சொல்வதில் கெட்டிக்காரத்தனம் ஏதும் இல்லை. பதினெட்டு முக்கியப் பட்டங்களை வென்ற ஜாக் நிக்லாஸ் அயர்ன் மட்டைக்கும் டீ ஊன்றியே அடித்தார். மண்ணைவிடக் காற்றில் தடை குறைவு என்பது அவருடைய வாதம். இதற்கு மாறாக, இங்கிலாந்தின் லாரா டேவிஸ் டீயை ஊன்றாமல், மட்டையால் தரையைக் கொத்திப் புல்லைக் கிளப்பி அந்தச் சிறு மேட்டின் மேல் பந்தை வைத்து அடிப்பதற்குப் பெயர் பெற்றவர். அவரும் பந்தை உயர்த்தியே வைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

அயர்னுக்கு உயரம் ஐந்தாறு மில்லிமீட்டர் போதும். நல்ல புல்லின் மேல் பந்து அழகாக உட்கார்ந்திருப்பது போலத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். டீயின் தலை மட்டும் புல்லுக்கு மேலே தெரியட்டும். அயர்னுக்கும் வுட்டுக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் மட்டைக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும், டிரைவரைவிடச் சிறிய தலையுள்ள ஃபேர்வே வுட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவிலும், அதாவது அரை விரற்கிடையிலும் வையுங்கள். இதற்கு முழு நீள டீ வேண்டியதில்லை. டிரைவருக்குப் பயன்படுத்தி முறிந்த டீயின் மேல்பாதி அயர்னுக்கு மிகச் சரியாக இருக்கும். பார்-3 டீ பாக்ஸில் அப்படிப்பட்ட துண்டுகள் எப்போதும் கிடைக்கும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. டீ வருவதற்கு முன்னால் பந்தை எதன் மேல் வைத்தார்கள்? இதைக் கண்டுபிடித்தவர் யார்?
(வாசகி, திருச்சி)

பதில்: மணலின் மேல். ஸ்காட்லாந்தின் லீத் நகரில் 1744-இல் எழுதப்பட்ட பதின்மூன்று விதிகள்தான் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கோல்ஃப் விதிகள். குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் பந்தை டீயிட வேண்டும் என்பது முதல் விதி. டீ தரையின் மேல் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. அக்காலத்தில் டீ என்றால் கையால் பிடித்து வைத்த மணல் குவியல். பின்னாளில் ஒவ்வொரு டீ பாக்ஸிலும் ஒரு மணல் பெட்டியும் தண்ணீரும் வைத்திருந்தார்கள். ஈர மணலைப் பிடித்துப் பிள்ளையார் பிடிப்பது போல ஒரு கூம்பு செய்து அதன் உச்சியில் பந்தை உட்காரவைத்தார்கள். பெரும்பாலும் கேடிகளே இதைச் செய்தார்கள். ஒரே உயரத்தில் மீண்டும் மீண்டும் பிடித்துத் தருவது அவர்களுடைய கைத்திறனாக இருந்தது. மணலை வைத்து டீயிடுவதை இன்றைய விதியும் தடுக்கவில்லை.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளாக்ஸம், ஆர்தர் டக்ளஸ் என்ற இருவர் 1889-இல் பிரித்தானியக் காப்புரிமை பெற்றார்கள். அவர்களுடைய டீ தரையைத் துளைக்காமல் மேலேயே கிடப்பது. மண்ணில் ஊன்றும் மர டீக்கு 1899 டிசம்பர் 12 அன்று அமெரிக்கக் காப்புரிமை எண் 638,920-ஐப் பெற்றவர் ஜார்ஜ் ஃபிராங்க்ளின் கிராண்ட் என்ற பாஸ்டன் பல் மருத்துவர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்தவர்களுக்குச் செயற்கை அண்ணம் செய்வதில் வல்லவர். மரத் தண்டின் மேல் ரப்பர் தலை வைத்த அந்த டீயை அவர் விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. நண்பர்களுக்குக் கொடுத்துத் தானும் பயன்படுத்தினார். 1910-இல் அவர் மறைந்தபின் உலகம் அவரை மறந்தது.

பின்பு 1920-களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த வில்லியம் லோவல் ஒரு மர டீயைச் செய்தார். இவரும் பல் மருத்துவர் என்பது வியப்பான ஒற்றுமை. ஈர மணலைப் பிசைவதால் கைத்தோல் வெடிப்பதை வெறுத்ததே அவரை இதில் இறக்கியது. தலைக்குச் சிவப்பு வண்ணம் பூசி, ரெட்டி டீ என்ற பெயரில் விற்றார். 1922-இல் வால்டர் ஹேகன், ஜோ கிர்க்வுட் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்து, அவர்களுடைய கண்காட்சி ஆட்டங்களில் அதைப் பயன்படுத்த வைத்தார். அதன்பின் மணல் பெட்டிகள் மறையத் தொடங்கின. நெடுங்காலம் லோவலையே கண்டுபிடிப்பாளர் என்று சொல்லிவந்தார்கள். கிராண்டின் பங்களிப்பை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1991-இல்தான் ஏற்றுக்கொண்டது. ஒருவருடைய பெயர் உரிய இடத்துக்கு வந்துசேர எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கேள்வி: அடிப்பதற்கு முன் மட்டையை ஆட்டிப் பார்த்தபோது அது பட்டுப் பந்து டீயிலிருந்து விழுந்துவிட்டது. எதிராளி ஓர் அடி என்று கணக்கில் சேர்த்துவிட்டார். சரியா? எத்தனை நீளம்வரை டீ பயன்படுத்தலாம்?
(வாசகர், கொழும்பு)

பதில்: சரியல்ல. அடிக்கும் எண்ணத்தோடு மட்டையை வீசும்வரை அந்தப் பந்து ஆட்டத்துக்குள் வருவதில்லை. தானாக விழுந்தாலும், நீங்கள் தட்டி விழுந்தாலும், தண்டனை இல்லாமல் மறுபடி டீயில் வைக்கலாம். அடிக்கும் எண்ணத்தோடு வீசிப் பந்தைத் தவறவிட்டால் மட்டும் ஓர் அடி கணக்காகும். அப்போதும் பந்து டீ பாக்ஸுக்குள்ளேயே கிடந்தால் அதை எடுத்து மீண்டும் டீயில் வைத்து அடிக்கலாம்.

டீயின் நீளம் 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 101.6 மில்லிமீட்டர். அடிக்க வேண்டிய திசையைக் காட்டும்படியோ, பந்தின் போக்கில் செல்வாக்குச் செலுத்தும்படியோ அது வடிவமைக்கப்பட்டிருக்கக் கூடாது. விதிக்கு ஒவ்வாத டீயில் வைத்து அடித்தால் அடிக்கணக்கு ஆட்டத்தில் இரண்டு அடி தண்டனை.

கேள்வி: எதிர்க்காற்று அடிக்கும்போது டீயைத் தாழ்த்த வேண்டும் என்கிறார்களே?
(வாசகர், இராமநாதபுரம்)

பதில்: தாழ்த்தினால் பந்து தாழப் பறக்கும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் டீ தாழ்ந்ததைக் கண்டதும் பலருடைய வீச்சு கீழ்நோக்கி இறங்கத் தொடங்குகிறது, பந்து முகத்தின் கீழ்ப்பகுதியில் படுகிறது, பின்சுழற்சி கூடுகிறது. எதிர்க்காற்றில் கூடுதல் பின்சுழற்சி பந்தை மேலே தூக்கி, போன தூரத்தையும் தின்றுவிடும். உயரத்தை அப்படியே விட்டுவிட்டு, முக்கால் வீச்சில் நிதானமாக அடியுங்கள். மைத்தடத்தை வைத்துச் சோதித்து, தாழ்ந்த டீயிலும் நடுவிலேயே பட வைக்க முடிகிறது என்று உறுதி செய்துகொண்டவர்கள் மட்டும் ஐந்து மில்லிமீட்டர் தாழ்த்தலாம்.

கேள்வி: என் ஒன்பது வயது மகள் சிறுவர் மட்டையால் கற்றுக்கொள்கிறாள். பெரியவர்களுக்குச் சொல்லும் அதே உயரம்தானா அவளுக்கும்?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கணக்கு ஒன்று, விடை வேறு. சிறுவர் டிரைவரின் தலை சிறியது. அதன் மேல் விளிம்பு 45 மில்லிமீட்டரில் இருந்தால், பாதிப் பந்தான 21-ஐக் கழித்தபின் 24 மிஞ்சும். குழிவுக்காக ஒன்றிரண்டைச் சேர்த்து 25 அல்லது 26-இல் டீயின் விளிம்பை நிறுத்துங்கள். அவள் மட்டையை நீங்களே அளந்து பார்த்துவிடுங்கள். நீளத்துக்கு 54 போதும். மண் இளகியிருந்தால் 70. டீயை அவளுக்காக நீங்கள் ஊன்றித் தர வேண்டாம். பந்தையும் டீயையும் சேர்த்துப் பிடித்து அவளே அழுத்தட்டும், அவளுடைய இரண்டு விரல்களை அடியில் நுழைத்து அவளே சரிபார்க்கட்டும். அந்த வயதுக் குழந்தையின் இரண்டு விரற்கிடையும் ஏறத்தாழ அதே அளவுதான் வரும்.